பெட்டி வந்தாச்சா?

ஒரு தியேட்டர் மூடப்பட்டால் மறுநாள் வருகிற இரங்கல் குறிப்புகள் எல்லாம் ஒரே அச்சில் வார்த்தது போல இருக்கும். 2020இல் தண்டையார்பேட்டை அகஸ்தியா மூடியபோதும் சரி, 2024இல் அசோக் நகர் உதயம் மூடியபோதும் சரி, அதே வரிகள்தான். 'இங்கேதான் முதல் படம் பார்த்தேன்' என்று ஆரம்பித்து, டிவி, திருட்டு விசிடி, மல்டிபிளெக்ஸ், ஓடிடி, கொரோனா என்று ஐந்து பேரைக் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தி, ஒரு பெருமூச்சோடு முடித்துவிடுவார்கள். ஐவர் மேலும் குற்றம் இருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் தேதிகளை எடுத்து வைத்துப் பார்த்தால் கணக்கு இடிக்கிறது.

சென்னைக்குத் தூர்தர்ஷன் வந்தது 1975இல். அதற்கு எட்டு வருடம் கழித்து 1983இல்தான், ஒரே வளாகத்தில் பல திரைகளோடு உதயம் கட்டப்பட்டது. டிவி தியேட்டரைக் கொன்றிருந்தால், கொலை நடந்த வீட்டில் யார் இவ்வளவு பணம் போட்டு மாடி கட்டுவார்கள்? 1993இல் சன் டிவி வந்தது. கேபிளில் நாளுக்கு மூன்று படம் ஓடியது. மாட்னிக்கு வரும் பெண்கள் கூட்டம் குறைந்தது, ராத்திரி ஆட்டம் நின்றது. தியேட்டர் நிற்கவில்லை. திருட்டு விசிடி எவ்வளவு பெரிய தொல்லை என்றால், 2004இல் குண்டர் சட்டத்தையே திருத்தி அதில் சேர்த்தார்கள். அதையும் நொண்டிக்கொண்டே தாண்டினார்கள். இத்தனையும் தாண்டிய ஒரு பேட்டைத் தியேட்டர், ஒரு சின்ன ஊர் தியேட்டர், 2010க்குப் பிறகு ஏன் பொத்தென்று விழுந்தது? அந்தத் தொழிலில் இருந்தவர்களிடம் பேசினால் அநேகமாக எல்லோரும் வந்து சேரும் இடம் ஒன்றுதான்: பழைய படம் வருவது நின்றுபோனது. பேட்டைத் தியேட்டர் உயிரோடு இருந்தது புதுப் படத்தால் இல்லை. வேறு எங்கோ ஓடி முடித்து, கிழிந்து, ஒட்டுப்போட்டு, நாற்பதாம் நாளிலோ நானூறாம் நாளிலோ வந்து சேர்ந்த படத்தால்.

படம் நடந்து வந்த வழி

தமிழ்நாட்டில் சினிமா ஆரம்பத்தில் ஊர் ஊராகப் போனது. திருச்சி ரயில்வேயில் வேலை பார்த்த சாமிக்கண்ணு வின்சென்ட், 1905இல் தூப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடம் புரொஜெக்டரும் துண்டுப்படங்களும் வாங்கிக் கூடாரத்தோடு கிளம்பியதுதான் நமக்குத் தெரிந்த தொடக்கக் கதை. 1914இல் அவரே கோயம்புத்தூரில் வெரைட்டி ஹாலைக் கட்டினார். பின்னால் அதுதான் டிலைட் தியேட்டர். கட்டடம் போய்விட்டது, வெரைட்டி ஹால் ரோடு மட்டும் இருக்கிறது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், கொட்டகை ஒரு இடத்தில் நின்ற பிறகும் படம் நடப்பதை நிறுத்தவில்லை. கூடாரத்துக்குப் பதிலாகப் பிலிம் சுருள் அடங்கிய பெட்டி நடந்தது.

அந்த நடையை ஒழுங்குபடுத்த ஒரு வரைபடமே இருந்தது. சென்னை நகரம் தனி ஏரியா, செங்கல்பட்டு, வட தென் ஆற்காடுகளைச் சேர்த்து என்எஸ்சி, மதுரை ராமநாதபுரத்துக்கு எம்ஆர், திருச்சி தஞ்சாவூருக்கு டிடி, நெல்லை குமரிக்கு டிகே, அப்புறம் சேலம், கோவை. ஒவ்வொரு ஏரியாவுக்கும் ஒரு விநியோகஸ்தர். அவர் காசு போட்டு எடுப்பது சில பிரிண்டுகள்தான், அதாவது படத்தின் பிலிம் பிரதிகள், ஏனென்றால் பிரிண்ட் சும்மா வராது. 2000களில் ஒரு கலர் பிரிண்டுக்கு ஐம்பதாயிரத்துக்கு மேல் ஆனது. எடுத்த பிரிண்டுகள் முதலில் பெரிய நகரங்களான ஏ சென்டருக்குப் போகும். அங்கே கூட்டம் வடிந்ததும் நடுத்தர ஊர்களான பி சென்டர், பிறகு சின்ன ஊர்களான சி சென்டர், கடைசியில் கீற்றுக் கொட்டகை போட்ட டூரிங் டாக்கீஸ். மவுன்ட் ரோட்டில் வெள்ளிவிழா கொண்டாடிய படம் மணல் தரைக்கு வந்து சேர ஒரு வருடம்கூட ஆகும்.

இது ஏழைத் தியேட்டருக்கு நடந்த அநியாயம் என்று இப்போது தோன்றலாம். தொழில் கணக்கில் அதுதான் அதன் பலம். முதல் வாரத்தில் வசூலில் பெரும்பங்கு விநியோகஸ்தருக்குப் போகும், வாரம் ஏற ஏறத் தியேட்டர் பங்கு ஏறும். சில மாதம் போனால் பங்கு என்ற பேச்சே இல்லை. இத்தனை நாளுக்கு இவ்வளவு ஹயர் என்று ஒரு சொற்பத் தொகை, அவ்வளவுதான். மேலே வசூலாவது முழுக்கத் தியேட்டருக்கு. இதைவிட முக்கியம் இன்னொன்று. நாற்பதாம் நாளில் வரும் படம் ஓடுமா ஓடாதா என்பது ஊருக்கே தெரியும். எந்தப் பாட்டுக்கு விசில் பறக்கிறது, இடைவேளைக்குப் பிறகு தொய்கிறதா, தாய்மார்கள் அழுகிறார்களா, எல்லாத் தகவலும் பெட்டிக்கு முன்னாலேயே வந்துவிடும். தியேட்டர் முதலாளி சூதாட வேண்டியதே இல்லை. மளிகைக் கடைக்காரர் துவரம்பருப்பு எடுப்பது போலப் படம் எடுப்பார். புதுப் படம் கிடைக்காத வாரத்தில் எம்ஜிஆர் இருந்தார். ஒரு எம்ஜிஆர் படத்தை மூன்று நாள் போட்டால் கரன்ட் பில்லும் ஆள் சம்பளமும் நிச்சயம். விநியோகக் கம்பெனிகள் நிறைந்த சென்னை மீரான் சாகிப் தெருவில் பழைய படங்களை மட்டுமே வைத்துக் காலம் தள்ளிய கம்பெனிகள் இருந்தன என்றால், அது இந்தக் கொள்முதலை நம்பித்தான்.

டிக்கெட் வருமானம் மட்டும் என்று நினைத்துவிடக் கூடாது. கேன்டீன் குத்தகை, சைக்கிள் ஸ்டாண்டு குத்தகை, ஜவுளிக்கடை நகைக்கடை ஸ்லைடு. பல முதலாளிகளுக்குக் கேன்டீன்காரர் கொடுத்த அட்வான்ஸ்தான் அவசரத்துக்கு உதவிய வங்கி. இந்த மூன்றும் எந்தப் படம் என்று பார்க்காது, ஆள் வந்தால் போதும். அதனால் வாரத்துக்கு இரண்டு படம் மாற்றுவது, ஆடித் தள்ளுபடிபோல அடிக்கடி ஆள் வரவழைக்கும் ஒரு வழி. போஸ்டரில் வெள்ளி சனி ஞாயிறு ஒரு படம், திங்கள் முதல் வியாழன் இன்னொரு படம், நடுவில் குறுக்கே ஒட்டும் 'இன்றே கடைசி' துண்டு. அந்தத் துண்டுத்தாள் மட்டும் அச்சகத்தில் ஆயிரக்கணக்கில் அடித்து வைத்திருப்பார்கள்.

பெட்டிக்குள்

'அண்ணே, பெட்டி வந்தாச்சா?' என்பது வெள்ளிக்கிழமைக் காலையில் ஊரில் எல்லோரும் கேட்கும் கேள்வி. தகரப் பெட்டி, மேலே படத்தின் பெயரும் கம்பெனிப் பெயரும் பெயின்டில். பஸ் மேலேறி வரும், கூடவே ரெப் வருவார். விநியோகஸ்தரின் ஆள் அவர். டிக்கெட் எண்ணுவது, டிசிஆர் என்ற தினசரி வசூல் கணக்கில் கையெழுத்துப் போடுவது, வசூலை வாங்கிப் போவது அவர் வேலை.

பெட்டிக்குள் என்ன இருக்கும் என்று கணக்குப் போட்டுப் பார்ப்போம். 35 எம்எம் பிலிமில் ஓர் அடிக்கு 16 பிரேம். வினாடிக்கு 24 பிரேம் ஓடுகிறது. ஆக நிமிடத்துக்கு 90 அடி. இரண்டரை மணி நேரப் படம் என்றால் 13,500 அடி. சென்சார் சர்டிபிகேட்டில் 14 ரீல், நாலாயிரத்துச் சொச்சம் மீட்டர் என்று வருவது இந்தக் கணக்கில்தான். ரீல் என்பது ஆயிரம் அடி, பதினோரு நிமிடம். தியேட்டரில் இரண்டிரண்டாக ஒட்டி 2,000 அடி ஸ்பூலில் ஏற்றுவார்கள். ஏழு ஸ்பூல், ஒவ்வொன்றும் 22 நிமிடம். டப்பாவோடு தூக்கினால் முப்பது கிலோவுக்கு மேல் கனக்கும்.

பெட்டி வந்ததும் ஆபரேட்டர் உடனே ஓட்டிவிட மாட்டார், ஓட்டக் கூடாது. ரீவைண்டு மேஜையில் ஒவ்வொரு ரீலையும் கையால் மெதுவாகச் சுற்றுவார். இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பிலிமின் இரண்டு ஓரத்தையும் பிடித்திருக்கும். கிழிந்த துளை ஒன்று வந்தால் விரலில் சுருக்கென்று தட்டும். ஒரு பிரேமுக்கு ஓரத்துக்கு நான்கு துளை. ஒன்று கிழிந்தால் ஓரத்தை V வடிவில் நறுக்கிவிட்டால் ஓடிவிடும். அடுத்தடுத்து இரண்டு மூன்று போயிருந்தால் அந்த பிரேமையே வெட்ட வேண்டும். வெட்டியதை ஒட்டுவது தனிக் கலை: பிரேம் கோட்டில் நேராக வெட்டி, ஒரு பக்கத்து நுனியில் படம் பதிந்த பூச்சான எமல்ஷனை பிளேடால் சுரண்டி, பிலிம் சிமெண்டை ஒரு இழு இழுத்து, துளைகளைச் சரியாகப் பொருத்தி, பத்துப் பதினைந்து வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். எமல்ஷன் கொஞ்சம் மிச்சமிருந்தாலும் ஒட்டு நிற்காது. சிமெண்ட் அதிகமானால் ஒட்டு விறைத்துப்போய், விளக்குக்கு எதிரே பிலிம் நுழைந்து போகும் கேட்டில் தட்டும். துளை அரை இழை தவறினாலும் அந்த இடம் வரும்போது திரையில் படம் துள்ளும். அவசரமாக ரீவைண்டு பண்ணும் தியேட்டரிலிருந்து வந்த பிரிண்ட் என்றால் நெடுகக் கோடு கோடாக இருக்கும். அதைத்தான் 'மழை பெய்யுது' என்போம். பாலைவனக் காட்சியிலும் மழை பெய்யும்.

கேபினில் இரண்டு புரொஜெக்டர் மெஷின் இருப்பதன் ரகசியம் ரீல் மாற்றுவதில் இருக்கிறது. முதல் மெஷினில் ஸ்பூல் ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதில் அடுத்ததை ஏற்றிவிட வேண்டும். மேல் பெட்டியிலிருந்து பிலிமை இழுத்து, மேல் பல்சக்கரத்தில் மாட்டி, ஒரு வளையம் விட்டு, கேட்டுக்குள் கொடுத்து, அடியில் விட்டுவிட்டுச் சுழலும் சக்கரத்தில் உட்காரவைத்து, மறுபடி ஒரு வளையம் விட்டு, ஒலியைப் படிக்கும் சவுண்ட் ஹெட்டைச் சுற்றிக் கீழ்ப் பெட்டிக்கு அனுப்ப வேண்டும். அந்த இரண்டு வளையத்துக்கு லூப் என்று பெயர். கேட்டில் பிலிம் வினாடிக்கு 24 தடவை நின்று நின்று போகிறது. சவுண்ட் ஹெட்டிலோ ஒரே சீராகப் போக வேண்டும். நின்று போவதற்கும் சீராகப் போவதற்கும் நடுவில் சமாதானம் பேசுவது லூப்தான். கீழ் லூப் சின்னதாகவோ பெரிதாகவோ போய்விட்டால் வாயசைவும் வசனமும் ஒன்றோடொன்று பொருந்தாது. ஏனென்றால் ஒலித்தடம் அதற்குரிய படத்துக்கு ஏறக்குறைய 20 பிரேம் முன்னால் பதிவாகியிருக்கும்.

விளக்கு, கார்பன் ஆர்க். பாசிட்டிவ் ஒன்று, நெகட்டிவ் ஒன்று, செம்புப் பூச்சு போட்ட இரண்டு குச்சிகள். ரெக்டிஃபையர் மின்சாரத்தை டிசியாக்கித் தரும். குச்சிகளை உரசி விலக்கினால் நடுவில் வெல்டிங்போல ஒளி. எரிய எரிய இடைவெளி கூடும், பாசிட்டிவ் வேகமாகத் தேயும். ஆபரேட்டர் பக்கத்துக் கண்ணாடியில் பார்த்துத் திருகிக்கொண்டே இருக்க வேண்டும். டீ குடிக்கப் போனால் திரை மஞ்சளாகிப் பழுப்பாகி இருண்டுவிடும், கீழே பெஞ்சிலிருந்து 'டேய் ஆபரேட்டரு!' என்று குரல் எழும்பும். பிலிம் கேட்டில் சிக்கி நின்றால் இன்னும் மோசம். திரையில் கதாநாயகி முகத்தின் நடுவில் ஒரு பழுப்புப் புள்ளி தோன்றி, கொப்பளித்து, ஓட்டையாகி வெளுத்துப்போகும். டவுசரை, அதாவது விளக்குக்கு முன்னால் இருக்கும் மூடியை, அந்த நொடியில் மூடாத ஆபரேட்டருக்கு மறுநாள் ரெப்பிடம் பதில் சொல்லும் வேலை இருக்கிறது.

ஸ்பூல் முடிய ஒரு நிமிடம் இருக்கும்போது இரண்டாம் மெஷினில் ஆர்க்கைப் பற்றவைத்து, டவுசரை மூடி வைத்துக்கொண்டு, சுவர்த் துவாரம் வழியாகத் திரையின் வலது மேல் மூலையையே பார்த்துக்கொண்டு நிற்பார். அங்கே ஒரு புள்ளி தோன்றும். நான்கே பிரேம், வினாடியில் ஆறில் ஒரு பங்கு. படம் பார்ப்பவர்கள் கண்ணில் படாது. பட்டதும் இரண்டாவது மோட்டாரைப் போட வேண்டும். ஏழு வினாடி போல ஆனதும் இரண்டாவது புள்ளி. இதன் டவுசரைத் திற, அதன் டவுசரை மூடு, ஒலியை மாற்று, எல்லாம் ஒரே அசைவில். சரியாக நடந்தால் கீழே யாருக்கும் எதுவும் தெரியாது. தவறினால் வெள்ளைத் திரை, அல்லது 5, 4, 3 என்று எண்கள் ஓடும், விசிலடித்தே கூரையைப் பெயர்ப்பார்கள்.

இதில்தான் அந்த நாற்பதாம் நாள் பிரிண்டின் வேடிக்கை. ஸ்பூலின் முனைதான் அதிகம் அடிபடும் இடம். கிழியக் கிழிய வெட்டுவார்கள், வெட்டியதில் கம்பெனி போட்ட புள்ளியும் போய்விடும். உடனே அந்த ஊர் ஆபரேட்டர் ஆணியால் தன் சொந்தப் புள்ளியைச் சுரண்டி வைப்பார். அடுத்த ஊர்க்காரருக்கு அதில் நம்பிக்கை இருக்காது, அவர் பங்குக்கு ஒரு பெருக்கல் குறி. இப்படிப் பத்து ஊர் சுற்றிய பிரிண்டில் ரீல் முடியும் நேரத்தில் மூலையில் நட்சத்திரம் பூத்து உதிரும். அது எந்தெந்த ஊர் வழியாக வந்தது என்பதற்குப் பெட்டியில் ஒட்டியிருக்கும் சீட்டைப் பார்க்கவே வேண்டாம். விவரமான ஆபரேட்டர்கள் புள்ளியை நம்பவே மாட்டார்கள். வசனத்தை வைத்துக்கொள்வார்கள்: இன்ன சொல் வந்தால் மோட்டார், கதவு மூடினால் மாற்று.

ஒரே பிரிண்டை இரண்டு தியேட்டர் ஓட்டிய கதையையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் சிக்கனத்தின் உச்சம் அது. ஐந்து கிலோமீட்டர் தள்ளி இருக்கும் இரண்டு ஊர். இங்கே ஆறு மணி ஆட்டம், அங்கே ஏழு மணி. முதல் ஸ்பூல் 6:22க்கு முடியும். ரீவைண்டு நான்கு நிமிடம். சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு பையன் கிளம்பினால் 6:50க்குப் போய்ச் சேரலாம். ஏற்றப் பத்து நிமிடம். ஒவ்வொரு 22 நிமிடத்துக்கும் ஒரு பயணம் என்றால் ஒரு பையனால் முடியாது, இரண்டு பேர் வேண்டும். சைக்கிள் பஞ்சரானால் அங்கே முதலில் ஸ்லைடு, அப்புறம் இடைவேளை, அப்புறம் மறுபடி ஸ்லைடு. கேன்டீன்காரர் மட்டும் சந்தோஷமாக இருப்பார்.

மெஷினை இறக்கிய நாள்

2005ஐ ஒட்டி டிஜிட்டல் வந்தது. பிலிம் இல்லாமல் திரையிடும் கியூப் என்ற முறையைச் சென்னையிலேயே ரியல் இமேஜ் கம்பெனி உருவாக்கியது, மும்பையிலிருந்து யுஎஃப்ஓ என்ற இன்னொரு முறை சாட்டிலைட் வழியாக வந்தது. முதல் சில வருடம் இரண்டு முறையும் கூடவே ஓடின. ஃபியூஜி 2013இல் சினிமா பிலிம் தயாரிப்பதையே நிறுத்தியது. அந்த வாக்கில் பெட்டி வருவதும் நின்றது. கேபினில் இருந்த இரண்டு மெஷினில் ஒன்றை முதலில் இறக்கினார்கள். 'ஒன்று இருக்கட்டும், எதற்கும்' என்று வைத்ததை ஓரிரு வருடத்தில் அதையும் இறக்கினார்கள்.

சின்னத் தியேட்டர்காரர்கள் இதை எதிர்க்கவில்லை, கொண்டாடினார்கள். அது நியாயமும்கூட. காலம் பூராவும் கடைசிப் பந்தியில் உட்கார்ந்தவருக்கு முதல் பந்தியில் இலை. மவுன்ட் ரோட்டில் ரிலீஸாகும் அதே நாளில், அதே காட்சியில், மழை பெய்யாத பிரிண்டில் புதுப் படம். முதல் தீபாவளிக்குக் கூட்டம் அலைமோதியது. கட் அவுட் வைத்தார்கள், பால் ஊற்றினார்கள்.

இழந்தது என்னவென்று புரிய இரண்டு மூன்று வருடம் பிடித்தது. பிரிண்டுக்குச் செலவில்லை என்றானதும் ஒரு பெரிய நடிகர் படம் தமிழ்நாட்டில் ஐநூறு திரைக்கு மேல் ஒரே நாளில் இறங்க ஆரம்பித்தது. எல்லோரும் ஒரே நாளில் பார்த்துவிட்டால் நாற்பதாம் நாள் எங்கிருந்து வரும்? படத்தின் ஆயுள் பத்து நாளாகச் சுருங்கியது. பேட்டைத் தியேட்டருக்கு எதிரில் ஏசி தியேட்டரிலும் அதே படம். முன்பு ஆறு மாத இடைவெளி இருந்ததால் இருவரும் போட்டியாளர்களே இல்லை. இப்போது ஒரே படம், ஒரே நாள், அங்கே புஷ்பேக் சீட், இங்கே மூட்டைப்பூச்சி. அதோடு முதல் நாள் படம் வேண்டுமென்றால் லட்சக்கணக்கில் அட்வான்ஸ் கட்ட வேண்டும். படம் எப்படி என்று யாருக்கும் தெரியாத வியாழக்கிழமை ராத்திரியில் கட்ட வேண்டும். மளிகைக் கடைக்காரரைக் குதிரைப் பந்தயத்தில் இறக்கிவிட்டார்கள். இரண்டு பெரிய படம் அடுத்தடுத்துப் படுத்தால் ஒரு வருட லாபம் போகும்.

இந்த இடத்தில் எளிய கணக்கு ஒன்று. வருடத்துக்கு 52 வாரம். 2010களில் தமிழில் வருடத்துக்கு இருநூறு படம் போல வெளியாகின. அதில் ஒரு சின்ன ஊர் தியேட்டருக்கு ஆள் கொண்டுவரும் படங்களைத் தாராளமாக எண்ணினாலும் பதினைந்து தேறும். மிச்ச முப்பத்தேழு வாரம்? முன்பு அதை நிரப்பியது ஹயர் படங்கள். டிஜிட்டலில் அந்தப் படங்கள் இல்லவே இல்லை. ஒரு பழைய படத்தை ஸ்கேன் பண்ணி, நிறம் திருத்தி, ஒலி சுத்தம் செய்ய ஆகும் செலவை, மூன்று நாள் எம்ஜிஆர் ஓட்டும் தியேட்டர் வாடகையில் எடுக்க முடியாது. அதற்கு மேல் திரையிடும் கருவிக்கான கட்டணம். விபிஎஃப் என்று தயாரிப்பாளர்கள் சண்டை போட்டதே, 2018 மார்ச் 1 முதல் ஏழு வாரம் போலப் புதுப் படமே வராமல் நின்றதே, அந்தக் கட்டணம். பெரிய படத்துக்கு அது தூசு, நூறு பேர் வரும் பழைய படத்துக்கு அதுவே சுமை. பெட்டியில் இருந்த பிரிண்டுகள் ஓட்ட மெஷின் இல்லாமல் குடோனில் கிடந்து, வினிகர் நாற்றம் அடித்துச் சுருண்டுபோயின.

பழைய படத்துக்கு ஆள் வரமாட்டார்கள் என்பது பொய் என்று இரண்டு தடவை நிரூபணமானது. 2012இல் சிவாஜியின் 'கர்ணன்' டிஜிட்டலில் திருத்தி வெளியானபோது நூறு நாளைத் தாண்டியது. 2024 ஏப்ரலில் 'கில்லி' மறுவெளியீடு புதுப் படங்களையே ஓரம் கட்டியது. ஆனால் அவையும் முதல் நாளே பல திரைகளில் ஒன்றாக இறங்கின. அதாவது பழைய படம் திரும்பி வந்தது, புதுப் படத்தின் வேடத்தில். பேட்டைக்கென்று தனியாக, மெதுவாக, மலிவாக வரும் பழைய படம் திரும்பவில்லை.

செலவுப் பக்கம் நேர் எதிராக ஏறியது. பிலிம் மெஷின் ஒரு லேத் பட்டறையில் சரியாகிவிடும். பல் தேய்ந்தால் சக்கரம் மாற்றலாம், ஆயில் விட்டால் முப்பது வருடம் ஓடும், வியர்வை வழியும் கேபினில் ஓடும். டிஜிட்டல் புரொஜெக்டருக்கு ஏசி வேண்டும், யுபிஎஸ் வேண்டும், பில்டரில் தூசு படக் கூடாது. ஜெனான் விளக்குக்கு உத்தரவாதமே மணிக்கணக்கில்தான். அது முடிந்த பிறகும் 'இன்னும் எரியுதே' என்று ஓட்டினால் உள்ளே கறுத்து, வெளிச்சம் குறைந்து, ஒரு நாள் வெடிக்கும், வெடித்தால் பின்னால் இருக்கும் கண்ணாடியும் போகும். காட்சி முடிந்ததும் விசிறியைப் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிட வேண்டும். கரன்ட் போய் விசிறி நின்றால் விளக்கின் ஆயுள் குறையும். கோளாறு வந்தால் ஆபரேட்டர் கை வைக்க முடியாது, போன் போட்டுவிட்டு உட்கார வேண்டியதுதான். படம் டிஸ்க்கில் வந்து உட்கார்ந்திருந்தாலும், இந்த சர்வரில், இந்த மணி முதல் இந்த மணி வரை என்று படத்தின் பூட்டைத் திறக்கும் ஒரு டிஜிட்டல் கீ வர வேண்டும். கீ வராத அதிகாலைக் காட்சிக்கு வெளியே நிற்கும் ரசிகர்களிடம் போய் விளக்கிப் பாருங்கள். பல ஒப்பந்தங்களில் இடைவேளை விளம்பர நேரமும் கருவியோடு சேர்ந்து போனது. ஜவுளிக்கடை ஸ்லைடு காசு அத்தோடு சரி.

மிச்சத்தைச் சீக்கிரம் சொல்லிவிடலாம். 2017 ஜூலையில் நூறு ரூபாய்க்கு மேற்பட்ட டிக்கெட்டுக்கு 28 சதவீத ஜிஎஸ்டி, மேலே 30 சதவீத உள்ளாட்சிக் கேளிக்கை வரி என்று வந்து, நான்கு நாள் தியேட்டர்களை மூடிப் போராடி, பிறகு குறைத்தார்கள். 2020 மார்ச் 17 முதல் நவம்பர் 10 வரை கொரோனா அடைப்பு. ஓடாத தியேட்டருக்கும் மின்வாரிய டிமாண்டு சார்ஜ் ஓடியது. எலி கேபிளைக் கடித்தது, ஸ்கிரீனில் பூஞ்சை பிடித்தது. திறக்கும்போது பாதி சீட்டுக்குத்தான் அனுமதி. அதற்குள் அண்ணன் தம்பி நான்கு பேருக்கும் அந்த நிலத்தில் பங்கு வந்துவிட்டது. நால்வரில் மூவர் வெளியூரில். எவ்வளவுக்குப் போகும் என்று புரோக்கர் சொன்ன தொகைக்கு வட்டி மட்டும் தியேட்டர் லாபத்தைவிடப் பல மடங்கு. இதைக் கொலை என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. ஆறு மாதமாக மூச்சுப் பிடித்துக் கிடந்தவரிடமிருந்து ஆக்சிஜன் குழாயை எடுத்தது மாதிரி.

கழற்றும்போது

மூடுவதில் ஒரு வரிசை இருக்கிறது. முதலில் லைசென்ஸைப் புதுப்பிக்காமல் விடுவார்கள். கட்டட உறுதிச் சான்று, மின் ஆய்வாளர் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று ஓடவேண்டிய அலைச்சல் அந்த வருடம் இல்லை. அப்புறம் புரொஜெக்டரைக் கருவி கம்பெனி வந்து எடுத்துப் போகும். சீட்டுகளை லாட்டாகப் பேசுவார்கள், நல்லதாக நூறு தேறினால் இன்னொரு தியேட்டருக்கு, மற்றது எடைக்கு. மாடிப்படியின் தேக்குக் கைப்பிடிக்கும் வாசல் கதவுக்கும்தான் உண்மையான போட்டி. பழைய பிலிம் மெஷினின் தலைப்பகுதியை அலங்காரத்துக்கு வாங்க ஹோட்டல்காரர்கள் வருவார்கள், அடிப்பீடம் வார்ப்பிரும்பு, கிலோ கணக்கு. கார்பன் குச்சி மிச்சம் ஒரு டப்பாவில் இருக்கும். அதைச் சும்மா கொடுத்தாலும் ஆளில்லை.

கடைசியில் ஸ்கிரீன். வினைல் விரிப்பு, சுற்றிலும் கண் வைத்துக் கயிற்றால் இழுத்துக் கட்டியது. நான்கு பக்கமும் முடிச்சு அவிழ்த்தால் மெத்தென்று கீழே விழும். அதன் பின்னால் ஆளுயர ஸ்பீக்கர்கள், வருடக்கணக்கான தூசு, வெளவால் எச்சம், யாரோ எறிந்த சில்லறை. சுற்றிக் கட்டினால் ஒரு சின்னக் கம்பளச் சுருள் போலத்தான். அதை எடுத்துக்கொள்ள வருபவர் பெரும்பாலும் லாரிக்குத் தார்ப்பாய் போடுகிறவர். இவ்வளவு அகலத்தில் ஒட்டுப் போடாத விரிப்பு வெளியே கிடைக்காது என்று ஆசையாகத்தான் வருவார். விரித்துப் பார்த்து வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடிப்பார். பின்னால் இருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் முன்னால் வருவதற்காகக் குத்திய துளைகள், ஊசிமுனை அளவில், லட்சக்கணக்கில், அந்தப் பக்கத்து வெயிலோடு தெரியும்.

'என்ன சார், பூரா ஓட்டையா இருக்கு. மழை வந்தா சரக்கு நனைஞ்சிருமே' என்று சொல்லி, பேசிய விலையில் பாதியைக் குறைப்பார்.